பேகனின் போர்வையும் ஓர் ஏக்கர் வயலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



‘இலக்கியமும் வனவிலங்குகளும்’ என்ற பொருளில் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ் படித்த எவருக்கும் இது இலகுவான தலைப்பு. குறிஞ்சித் திணையில் தொடங்கி, குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொகுத்துத் தந்த தொண்ணூற்றொன்பது மலர்களையும் தொட்டு, ‘நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்’ என்று முடித்துவிடலாம். சொல்பவருக்கும் சுகம், கேட்பவருக்கும் சுகம். நானும் மேடைகளில் பலமுறை அப்படிப் பேசியவன்தான். ஆனால் இந்தத் தலைப்பை எடுக்கும் போதெல்லாம் என் தாய்மாமன் ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. அதிலிருந்தே இன்று தொடங்குகிறேன்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு அப்போது இருபது வயது. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். வன்னியில் ஒரு சிறு குளத்தின் கீழே அமைந்த ஊர். பெயர் வேண்டாம், அப்படியான ஊர்கள் வன்னியில் எத்தனையோ உண்டு. வாசிகசாலை ஆண்டு விழாவில் என்னையும் கவிதை படிக்கச் சொன்னார்கள். யானையைப் பற்றி ஒரு கவிதை எழுதி வைத்திருந்தேன். மேகம் இறங்கி நடந்து வருகிறது, மலை அசைகிறது, காட்டின் அரசன் நிலவொளியிலே குளத்தில் இறங்குகிறான் என்றெல்லாம் உவமைகள். கைதட்டல் நன்றாகவே கிடைத்தது.

விழா முடிந்து இருட்டில் வீட்டுக்கு நடந்தோம். அம்மான் சால்வையைத் தலையிலே சுற்றிக்கொண்டு, அரிக்கன் லாம்போடு முன்னே போனார். கொஞ்சத் தூரம் போனபின் கேட்டார்.

“தம்பி, பாட்டு நல்லாயிருந்தது. ஒண்டு கேக்கிறன். உன்ரை பாட்டிலை வாற யானை என்னத்தைத் தின்னுது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாட் காலையிற்தான் அவருடைய வயலைப் பார்த்தேன். அதற்கு இரண்டு இரவு முன்னர் கூட்டம் ஒன்று இறங்கியிருந்தது. காலபோக நெல், கதிர் முற்றி அறுவடைக்கு ஒரு கிழமை இருந்த நெல். ஓர் ஏக்கர் சேறாகிக் கிடந்தது. தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். மாமியின் சங்கிலி அந்த விதைப்புக்காக அடைவிலே இருந்தது என்பதைப் பின்னர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அம்மான் மேடையில் எதுவும் சொல்லி என்னை அவமானப்படுத்தவில்லை. வழியில், இருட்டில், ஒரு கேள்வியாக மட்டும் கேட்டார்.

அவருக்கு யானைமீது பகை இருந்ததா என்றால் இல்லை. காவற் பரணில் இருக்கும் இரவுகளில் அவர் ‘யானை’ என்ற சொல்லையே உச்சரிக்கமாட்டார். ‘பெரியவர்’ என்பார். ஒவ்வொரு போகமும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் விதைப்பார். தகரம் தட்டி, தீப்பந்தம் காட்டி, தொண்டை கிழியக் கத்தி விரட்டிய அடுத்த நாளும், “அவருக்கும் வயிறு இருக்குத்தானே” என்பார். வணங்கவும் வேண்டும், விரட்டவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய சீவியம் நடந்தது. என் கவிதையில் வணக்கம் மட்டும் இருந்தது. அதற்கு நான் எந்த விலையும் கொடுத்திருக்கவில்லை.

நேயர்களே, அம்மானின் கேள்வி புதியதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பிசிராந்தையார் அதை அறிந்திருந்தார். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி பற்றி அறிவுரை சொல்லப் போன அவர், உவமைக்கு எடுத்தது வயலையும் யானையையும்தான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு சிறு துண்டு நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாளைக்குக் காணும். யானை தானே வயலுக்குள் புகுந்தாலோ, நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் அழிவதே கூட. புறநானூற்றின் 184ஆம் பாட்டின் கருத்து இது. அரசிறைக்குச் சொல்லப்பட்ட உவமை என்று பாடசாலையிலே படித்தோம். ஆனால் மிதிபட்ட வயலொன்றை விடியற்காலையில் பார்த்த ஒருவராலன்றி அப்படி எழுத முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனத்துப் பரணும் கவணும் காதலுக்கு வாய்ப்பான இடங்களாக மட்டும் நமக்குப் படுகின்றன. அங்கே காவல் இருந்தவர்களுக்கு அது ஒரு வருடத்துச் சோறு.

இன்னொரு கதையையும் நாம் பாதியோடு நிறுத்திவிட்டோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். மயில் அதை உடுத்தாது, போர்க்காது என்று தெரிந்தும் கொடுத்தான் என்பதே பரணர் காட்டும் சிறப்பு. விலங்குகள்மீது தமிழர் கொண்ட அன்புக்கு மேடைதோறும் நாம் காட்டும் முதற் சாட்சி இது.

ஆனால் அதே பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டிருந்தான். அவள் துயரைச் சொல்லி அவனிடம் சென்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள். புறநானூற்றில் 143 தொடக்கம் 147 வரையுள்ள பாடல்கள் இதுபற்றியவை. மயிலுக்குப் போர்வை கொடுத்தவனே என்று புகழ்ந்த பரணர்தான், எமக்குப் பரிசில் வேண்டாம், இன்றிரவே போய் அவள் துயரை நீக்கு என்றும் கேட்கிறார். புகழத் தெரிந்த வாயாலேயே அருகில் இருப்பவளையும் பார் என்று சொல்லத் துணிந்தார்கள். அதனாலேயே அவர்கள் புலவர்கள்.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பேகனிடம் இன்னொரு போர்வை இருந்திருக்கும். அரசன் அல்லவா? என் அம்மானிடம் இன்னொரு வயல் இருக்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் நாம் பெரும்பாலும் பேகனின் இடத்தில் நின்று பேசுகிறோம். கொடுக்கச் சொல்வதோ அடுத்தவன் போர்வையை.

நம் முன்னோர் விலங்கோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்பதையும் சற்று நிதானித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனையிறவு, ஆனைக்கோட்டை, ஆனைவிழுந்தான், கரடிப்போக்கு, கரடியனாறு, முதலைக்குடா என எத்தனையோ பெயர்களில் விலங்குகளை வைத்திருக்கிறோம். ஆனையிறவு என்ற பெயரின் பின்னே ஒரு வியாபாரமும் இருக்கிறது. வன்னியிலே பிடிபட்ட யானைகள் அந்தக் கடல்நீரேரி வழியாகக் குடாநாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்டுக் கப்பல் ஏற்றப்பட்டன. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்ற பழமொழியிலே அன்பைக் காணவில்லை, விலையைத்தான் காண்கிறோம்.

ஆங்கிலேயர் காலத்தில் அந்த விலை மறுபக்கம் திரும்பியது. யானையைக் கொன்றவருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே கணக்கு இருக்கிறது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. பதுளையில் இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி தன் துப்பாக்கியால் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். பின்னர் காலம் மாறியது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யால, வில்பத்து ஆகியன தேசிய வனங்களாயின. 1949இல் தனித் திணைக்களம் அமைந்தது. இவை இல்லாதிருந்தால் இன்று நாம் பேசுவதற்கு யானையே மிஞ்சியிராது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லச் சொன்னபோதும் காக்கச் சொன்னபோதும், பரணில் இருந்தவனை எவரும் கலந்து பேசவில்லை.

இன்றைய நிலைமை என்ன? 2011இல் நாடளாவிய ரீதியில் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. நாட்டின் நிலப்பரப்பிலே சுமார் 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்த நிலத்தில் சுமார் 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். ‘யானை காட்டுக்குள், மனிதன் ஊருக்குள்’ என்று நாம் நினைத்திருக்கும் கோடு பெரும்பாலான இடங்களில் இல்லவே இல்லை. 2019ஆம் ஆண்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. மனிதரில் ஏறக்குறைய 120 பேர் யானைகளால் உயிரிழந்தனர். 2023இல் இந்த இரண்டு தொகைகளும் அதைவிடக் கூடின. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பிளாஸ்ரிக்கோடு சேர்த்து உணவைத் தின்று, எட்டு வருடங்களில் இருபதளவு யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் வந்தது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கத்தில் புகையிரதம் மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் மாண்டன.

செய்திகளாக இவற்றைக் கேட்டுக் கடந்துவிடுகிறோம். நான் கடக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

மீள்குடியேற்றம் முடிந்து சில வருடங்கள். அம்மானுக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தேன். குளத்து அலைகரையில் ஓர் இளம் யானை தண்ணீருக்குள் நின்றபடி நிற்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கீழ்த்தாடை சிதைந்து தொங்கியது. காட்டுப் பன்றிக்கென்று பூசணிக்காய்க்குள்ளோ வேறு ஏதேனும் தீனிக்குள்ளோ வெடிமருந்து வைப்பார்கள். சிங்களத்தில் ‘ஹக்க பட்டாஸ்’ என்பார்கள். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடிக்கும். வாய் வெடிக்கும். உடனே சாகாது. தின்ன முடியாமல், தண்ணீர் உறிஞ்சவும் முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். மிருக வைத்தியர் வந்து மருந்து ஏற்றினார். தாடையெலும்புக்கு அவரால் என்ன செய்ய முடியும்?

அம்மான் தன்னைக் கூட்டிப் போகச் சொன்னார். குளக்கட்டு மருத மரத்தடியில் இருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

“அண்டைக்கு உன்னட்டை என்னத்தைத் தின்னுது எண்டு கேட்டன். இவருக்கு இப்ப தின்னவும் ஏலாது.”

ஐந்தாம் நாள் அது விழுந்தது.

அந்த வெடியை வைத்தவன் யார் என்று ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என்னிடம் படித்தவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கடன் பட்டு நட்ட கச்சானைப் பன்றி கிண்டி முடித்துவிட்டது. இரவிலே என்னிடம் வந்தான். “சேர், நான் பண்டிக்குத்தான் வைச்சனான்” என்று சொல்லி அழுதான். முப்பது வருடமாக எழுதுகிறவன் நான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வசனம் இருக்கவில்லை. மறுநாள் அதிகாரிகள் வந்து விசாரித்தபோது ஊர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது பிழையென்றே இன்று நினைக்கிறேன். ஆனால் அவனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அடுத்த யானை பிழைத்திருக்கும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த போகத்துக்கும் அவனுடைய கச்சானுக்கு வேலி இருக்கவில்லை.

இதற்கு வழி இல்லையா? உண்டு. அது காட்டையும் ஊரையும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த வழி. யானைகளைத் துரத்திச் சரணாலயத்துக்குள் அடைத்துப் பார்த்தார்கள். அங்கே தீனி போதாமல் அவை எலும்பும் தோலுமாயின. ஊரை அழித்த ஆண் யானைகளைப் பிடித்துத் தூரக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பல திரும்பி வந்தன, சில புது இடத்திலும் ஊருக்குள் புகுந்தன. காட்டின் எல்லை என்று வரைபடத்திலே கோடு கிடந்த இடத்தில் மின்வேலி போட்டார்கள். பல இடங்களில் வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நின்றது.

ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரைச் சேர்ந்தவர்களும் வேறொன்றைச் செய்தார்கள். வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாமல், ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டார்கள். வயல் வேலியை விதைப்போடு கட்டி, அறுவடையோடு கழற்றிவிடுவார்கள். பராமரிப்பு கமக்காரர் கையில். அறுவடைக்குப் பின் ஒட்டு வைக்கோலைத் தின்ன யானை வரலாம், அதனால் எவருக்கும் நட்டமில்லை. குருநாகல் மாவட்டக் கிராமங்களில் இது பலன் தந்தது. 2020இல் அவர் தலைமையிலான குழு தயாரித்த தேசியச் செயற்றிட்டமும் இந்த வழியையே வற்புறுத்தியது.

இதைப் படித்தபோது எனக்கு அம்மானின் காலம் நினைவுக்கு வந்தது. சேனை வெட்டிப் பயிரிட்டு, அறுத்தபின் தரிசாக விடுவார்கள். அங்கே புல்லும் பற்றையும் தழைக்கும், யானைகள் மேயும். ஒரே நிலம், வெவ்வேறு மாதங்களில் இரண்டு பேருக்கு. மின்னேரியாவில் வரட்சி மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுகின்றனவே, உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்களே, அவை மேய்வது எங்கே? மகாசேன மன்னன் வேளாண்மைக்குக் கட்டிய குளத்தில், நீர் வற்றிய தரையில் முளைக்கும் புல்லை. மனிதன் தன் சோற்றுக்காக வெட்டிய குளம் யானைக்கும் சோறு போடுகிறது.

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், காட்டோரக் கிராமம் ஒன்றைப் பற்றி 1913இல் வெளியிட்ட நாவலில், காடு அழகுப் பொருளாக இல்லை. பசியும் பயமுமாக ஊரை நெருக்குகிறது. நம்மிடையே அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அந்த நாவலில் காடு அங்குள்ளவர்கள் உழைக்கும் இடமாக, நடக்கும் வழியாக இருக்கிறது. இப்படி எழுதப்பட்டவற்றை வாசித்த ஒருவர், யானை இறந்தாலும் கமக்காரன் இறந்தாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கண்ணீர் விடமாட்டார் என்று நம்புகிறேன்.

2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் ஐந்து நிமிடம், தத்தம் காணிகளில் நிற்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணும்படி நாடெங்கும் மக்களிடம் கேட்டார்கள். பேகனின் மயில் இன்று பயிரழிக்கும் உயிரினங்களின் பட்டியலிலே நிற்கிறது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐந்து நிமிடம் எண்ணியவர்கள் எத்தனை வருடமாக அந்தக் காணிகளில் எண்ணிக்கொண்டே இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

நகரத்தில் இருக்கும் நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சரணாலயம் பார்க்கப் போகும்போது, போகும் வழியிலுள்ள ஊரில் வண்டியை நிறுத்தி ஒரு தேநீர் குடியுங்கள். இரவு எப்படிப் போனது என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். யானையைக் காப்பாற்றுவதற்கான செலவை இந்த நாட்டில் முதலில் கட்டுபவர் அவர். அந்தச் செலவில் நமக்கும் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் வரை, அவருக்கு அறிவுரை சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

அம்மான் இப்போது இல்லை. அந்த வயலை அவருடைய மகன் செய்கிறான். வாசிகசாலையில் படித்த அந்தக் கவிதையின் கைப்பிரதி இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டது. தொலைந்தது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை மீண்டும் எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. மேகமும் மலையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். யானை என்ன தின்றது, யாருடைய வயலில் தின்றது, விடிந்தபின் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.